பேஸ்மேக்கர் நல்லாத்தான் ஓடுதும்மா என்றார்கள்

வயர் இல்லாத பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் யாராவது உங்களிடம் வந்து, "சும்மா உட்கார்ந்திருந்தா மூச்சு வாங்குது, எழுந்து நடந்தா சரியாயிடுது" என்று சொன்னால் தயவுசெய்து அவரை நம்புங்கள். என்னை நம்பப் பல மாதம் ஆனது. இதய நோய்க்காரருக்கு நடந்தால்தான் மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் அடங்கும் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. என் கணக்கு தலைகீழாக இருந்ததால் பயம், மாதவிடாய் நின்ற வயசு, தூக்கம் போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தூக்க மாத்திரைகூட எழுதிக் கொடுத்தார்கள்.

என் பிரச்சினை சைனஸ் நோடு. இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் அந்தச் சின்ன இடம்தான் ஒவ்வொரு துடிப்பையும் ஆரம்பித்து வைக்கிறது. எனக்கு அது அவ்வப்போது வேலையை நிறுத்திவிடும். கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதே சாய்ந்து விழுந்திருக்கிறேன். நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் என்ற கருவியை மாட்டிப் பார்த்தபோது நான்கு விநாடிக்கு மேல் இதயம் துடிக்காமல் நின்றது பதிவாகியிருந்தது, பேஸ்மேக்கர் கட்டாயம் என்றார்கள். வயர் உள்ளது, வயர் இல்லாதது என்று இரண்டு வகை இருக்கிறது, இரண்டாவது புதுசு, நெஞ்சில் தழும்பு இருக்காது, தோளுக்குக் கீழே மேடு தெரியாது, வயர் அறுந்துபோகும் தொல்லை இல்லை, பை மாதிரி தோலுக்கடியில் இடம் செய்ய வேண்டியதில்லை என்பதால் அங்கே சீழ் பிடிக்கும் பயமும் இல்லை என்று விளக்கினார்கள். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, இப்போதும் அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. எனக்கு வைத்த மாதிரி கீழறையில் மட்டும்தான் உட்காரும், மேலறை என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது.

வைப்பது சுலபமாகத்தான் முடிந்தது. வலது தொடை இடுக்கில் ரத்தக்குழாய் வழியாகக் குழாயை ஏற்றி, வலது கீழறைச் சுவரில் மாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பெரிய விட்டமின் மாத்திரை அளவுதான், எடை 2 கிராம் பக்கம். குழாய் கொஞ்சம் தடிமன் என்பதால் தொடையில் ஒரு தையல், சில மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்கை, அவ்வளவுதான். மறுநாளே நடந்தேன். மயக்கமும் அதோடு போச்சு, அதற்காக அந்தக் கருவிக்கு நான் கடன்பட்டவள்தான்.

தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. காலையில் வாசல் பெருக்கி, கடைக்கு நடந்துபோய், சாமான் எடுத்து வைக்கும்வரை நன்றாக இருப்பேன். மத்தியானம் கூட்டம் குறைந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிற மாதிரி வரும், கழுத்தில் திமுதிமுவென்று அடிக்கும், கண் லேசாக இருட்டும், ஒரு பெருமூச்சு விடலாம் என்றால் அது பாதியில் நிற்கும். ராத்திரி படுத்தால் இன்னும் மோசம். ஒருநாள் சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது எதிரே இருந்த என் ஓரகத்தி கையை நிறுத்திவிட்டு, "அக்கா, உங்க கழுத்துல என்ன அப்படித் துடிக்குது?" என்று கேட்டாள். கண்ணாடியில் போய்ப் பார்த்தேன், காதுக்குக் கீழே கழுத்து நரம்பு வெளியே தெரிகிற மாதிரி எம்பி எம்பி விழுந்தது. எழுந்து சமையலறைக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்ததும் அடங்கிவிட்டது.

செக்-அப்புக்குப் போனால் கருவியின் எண்களை வெளியிலிருந்தே பார்க்கவும் மாற்றவும் புரோகிராமர் என்று ஒரு மெஷின் உண்டு, அதன் வட்டத் தலையை நெஞ்சின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். பேட்டரி நல்லா இருக்கு, கருவி அசையாம இருக்கு, த்ரெஷோல்ட் நல்லா இருக்கு, அதாவது குறைந்த மின்சாரத்திலேயே இதயத்தைத் துடிக்க வைக்கிறது. "பேஸ்மேக்கர் நல்லாத்தான் ஓடுதும்மா, நீங்க மனசை லேசா வச்சுக்கங்க." அந்த வாக்கியத்தின் முதல் பாதி முழுக்க உண்மை. அதுதான் வம்பே. கருவி தனக்கு இட்ட வேலையைத் துல்லியமாகச் செய்துகொண்டிருந்தது, அந்த வேலையே என் இதயத்துக்குப் பொருந்தாத வேலை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். சாதாரணமாக மேலறை முதலில் சுருங்கி, மிச்சமிருக்கும் ரத்தத்தைக் கீழறைக்குள் தள்ளும், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு இடைவெளி விட்டு கீழறை சுருங்கி உடம்புக்கு அனுப்பும். கீழறையில் மட்டும் இருக்கும் பேஸ்மேக்கருக்கு இந்த முறை தெரியாது. நிமிடத்துக்கு 60 என்று வைத்திருந்தால், என் சொந்தத் துடிப்பு 58க்கு இறங்கிய உடனே அது நேராகக் கீழறையைத் தட்டிவிடும். என்னைப் போன்றவர்களுக்கு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மின்பாதை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், அதனால் கீழே தட்டிய மின்சாரம் அதே பாதையில் தலைகீழாக மேலே ஏறி மேலறையையும் சுருங்க வைக்கும். அந்த நேரம் கீழறை சுருங்கிக்கொண்டிருப்பதால் நடுவில் உள்ள வால்வு மூடியிருக்கும். மேலறை மூடிய கதவில் மோதுகிறது. வலது பக்க ரத்தம் கழுத்து நரம்புக்கும், இடது பக்க ரத்தம் நுரையீரல் பக்கமும் எதிர்த்து அடிக்கிறது, கூடவே பிரஷரும் விழுகிறது. கழுத்துத் துடிப்பு, மூச்சடைப்பு, கண் இருட்டுவது மூன்றுக்கும் ஒரே காரணம். நடந்தால் என் சொந்தத் துடிப்பு 75, 80 என்று ஏறிவிடும், கருவி ஒதுங்கிக்கொள்ளும், எல்லாம் சரியாகிவிடும். உட்கார்ந்தால்தான் முடியவில்லை என்றது இதனால்தான்.

இதற்குப் பெயர் பேஸ்மேக்கர் சிண்ட்ரோம். புது வியாதி ஒன்றும் கிடையாது, வயர் உள்ள ஒற்றை அறை பேஸ்மேக்கர் காலத்திலேயே டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். 2002ல் அமெரிக்காவில் வெளியான மோஸ்ட் என்ற பெரிய ஆய்வில், என்னைப் போலவே சைனஸ் நோடு கெட்ட 2010 பேருக்கு மேலறை, கீழறை இரண்டையும் துடிக்க வைக்கும் இரண்டு அறை பேஸ்மேக்கர் வைத்து, பாதிப் பேருக்குக் கீழறை மட்டும் துடிக்கிற மாதிரி செட் செய்திருந்தார்கள். அந்தப் பாதியில் 18 சதவீதம் பேருக்கு இந்த சிண்ட்ரோம் தாங்க முடியாமல் போய் இரண்டு அறை முறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சாவிலும் பக்கவாதத்திலும் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு அறையும் துடித்தவர்களுக்கு மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் குறைவாக வந்தது. சைனஸ் நோடு நோய்க்கு மேலறையைத் துடிக்க வைக்கும் முறையே முதல் தேர்வு என்று 2018 அமெரிக்க வழிகாட்டுதலிலும் இருக்கிறது. ஆகவே வயர் இல்லாததன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழைய சிக்கல் புது வடிவத்தில் வருகிறது, புது வடிவத்தின் பளபளப்பில் பழைய சிக்கலைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள், அதில்தான் கோபம்.

சரி, எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், வீட்டு பிரஷர் மெஷின்தான். என் வீட்டுக்காரர் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், பிரஷர், நாடி என்று நான்கு பத்தி போட்டுக் கொடுத்தார். முடியாமல் வரும்போதெல்லாம் மெஷினைச் சுற்றி ஒருமுறை, நன்றாக இருக்கும்போது ஒருமுறை. ஒரு வாரத்திலேயே கண்ணில் பட்டுவிட்டது. முடியாத நேரத்தில் எல்லாம் நாடி 60, மேல் பிரஷர் 105 பக்கம். நன்றாக இருக்கும் நேரத்தில் நாடி 68, 72, 77 என்று ஏதோ ஒன்று, பிரஷர் 130க்கு மேல். மனுஷ இதயம் ஒரே எண்ணில் நிற்காது, கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். கருவியில் வைத்த அதே எண் அசையாமல் வருகிறது என்றால் அந்த நேரத்தில் கருவிதான் துடிக்க வைக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு விஷயத்தை எல்லா பேஸ்மேக்கர்காரர்களுக்கும் சொல்லுவேன்: உங்கள் கருவியின் கீழ் எல்லை எண் என்ன என்று கேட்டு மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு கரூரிலிருந்து கோயம்புத்தூருக்கு ஈபி டாக்டரைப் பார்க்கப் போனோம். ஈபி என்றால் எலக்ட்ரோபிசியாலஜி, இதயத் துடிப்பின் மின்சாரத்தை மட்டும் பார்க்கும் நிபுணர். அடைப்பு, ஸ்டென்ட் பார்க்கும் டாக்டரும் இவரும் ஒன்றில்லை, துடிப்புத் தொல்லை என்றால் இவரிடம்தான் போக வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் நோட்டை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, அதிகம் பேசாமல் டெக்னீஷியனைக் கூப்பிட்டார். என்னைப் படுக்க வைத்து, கையில் பிரஷர் பட்டை கட்டி, புரோகிராமரில் கருவியின் எண்ணை 40க்கு இறக்கினார்கள். என் சொந்தத் துடிப்பு 57ல் ஓடியது, பிரஷர் 134. பிறகு எண்ணை 70க்கு ஏற்றினார்கள். நாலைந்து துடிப்புக்குள் எனக்கே தெரிந்தது, அதே அடைப்பு, அதே கழுத்து. பிரஷர் 108. மறுபடி 40, சில நொடியில் நெஞ்சு லேசானது. "அம்மா, நீங்க திரையைப் பார்க்காதீங்க, எப்ப மாறுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று டெக்னீஷியன் தலையைத் திருப்பச் சொல்லி மறுபடி ஏற்றி இறக்கினார். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன். துடிக்க வைக்கும்போது மேல் பிரஷர் 20 புள்ளி அல்லது அதற்கு மேல் விழுந்தால் இந்த சிண்ட்ரோமைச் சந்தேகிக்க வேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு, எனக்கு 26 விழுந்தது. இந்தச் சோதனைக்குத் தனியாக ஊசி, ஸ்கேன் எதுவும் கிடையாது. இதை முதல் செக்-அப்பிலேயே செய்திருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

அன்றே கீழ் எல்லையை 60லிருந்து 45க்கு இறக்கினார்கள். சொந்தத் துடிப்பு ரொம்ப இறங்கினால் மட்டும் கருவி எழுந்திருக்கும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். இன்னொன்றையும் அணைத்தார்கள், ரேட் ரெஸ்பான்ஸ். உடம்பு அசைவதை உணர்ந்து, ஆள் நடக்கிறார் என்று முடிவு செய்து துடிப்பை ஏற்றிவிடும் வசதி அது, நல்ல வசதிதான். ஆனால் அதற்கு நடைக்கும் பஸ் குலுக்கலுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாமல் போகலாம். கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தால் வெள்ளக்கோவில் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் வரும், அதை நான் வாந்தி மயக்கம் என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். கருவியின் பதிவில் நிமிடத்துக்கு 90 வரை கீழறையைத் துடிக்க வைத்தது இருந்தது. அணைத்த பிறகு அதே பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் நிம்மதியாக ஓடியது, அப்புறம் என் சைனஸ் நோடு இன்னும் தளர்ந்தது, 45க்கே கருவி அடிக்கடி எழ ஆரம்பித்தது. ஒவ்வொரு செக்-அப்பிலும் கருவி மொத்தத் துடிப்பில் எத்தனை சதவீதம் துடிக்க வைத்தது என்று ஒரு எண் வரும், ரிப்போர்ட்டில் அதைத்தான் நான் முதலில் தேடுவேன். கீழறையைக் கருவி துடிக்க வைப்பது 20 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்தால் சிலருக்கு இதயத் தசையே தளர்ந்து எக்கோவில் இஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், குறையும் அபாயம் உண்டு. அது எல்லோருக்கும் வராது, வருமா வராதா என்று வருஷம் ஒரு எக்கோ எடுத்தால்தான் தெரியும். கருவி வைப்பதற்கு முன் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டைத் தொலைக்காமல் வையுங்கள், ஒப்பிட அது வேண்டும். எனக்கு இஎஃப் குறையவில்லை, ஆனால் சதவீதம் ஏறியது, பழைய மூச்சடைப்பும் திரும்பியது. கடைசியில் வயர் உள்ள இரண்டு அறை பேஸ்மேக்கரையே தோளுக்குக் கீழே வைத்தார்கள். அது மேலறையை முதலில் துடிக்க வைக்கும், கீழறைக்குப் பாதை திறந்திருந்தால் அதைத் தொடாது. பழையதை வெளியே எடுக்கவில்லை, அதைச் சுற்றித் தசை வளர்ந்திருக்கும், பிய்த்தெடுப்பதுதான் ஆபத்து என்று புரோகிராமரிலேயே அணைத்து உள்ளேயே விட்டுவிட்டார்கள். எந்த மேடும் தழும்பும் வேண்டாம் என்று போனேனோ அது இப்போது இருக்கிறது, ரவிக்கைக் கழுத்தை ஒரு இஞ்ச் ஏற்றித் தைக்கச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அதனால் வயர் இல்லாததே வேண்டாம் என்று யாரும் ஓடிவிடாதீர்கள். ஏற்கெனவே நிரந்தரமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்து துடிப்பு குறைந்தவர்களுக்கு மேலறை ஒழுங்காகச் சுருங்குவதே கிடையாது, அவர்களுக்கு ஒற்றை அறைக் கருவியால் இழப்பு ஒன்றுமில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தோள்பக்க ரத்தக்குழாயைப் பத்திரமாக வைக்க வேண்டும், அவர்களுக்கும் இது பெரிய வரம். முன்பு வைத்த பேஸ்மேக்கரில் சீழ் பிடித்து எடுத்தவர்களுக்கும், எப்போதாவது ஒருமுறை மட்டும் துடிப்பு நிற்கும் வயதானவர்களுக்கும் அப்படித்தான். வயர் இல்லாததிலேயே சில வகை உண்டு, 2016ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மைக்ரா கீழறையை மட்டும் பார்க்கும். 2020ல் வந்த மைக்ரா ஏவி, மேலறை சுருங்கும் அசைவை உணர்ந்து அதற்கேற்பக் கீழறையைத் துடிக்க வைக்கும், மேலறையை அதனால் துடிக்க வைக்க முடியாது. மேலறை ஒழுங்காக இருந்து நடுப்பாதை மட்டும் அடைபட்டவர்களுக்கு அது உதவும், வேகமாக நடக்கும்போது அந்த ஒத்திசைவு குறைந்துவிடலாம் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சைனஸ் நோடு கெட்ட எனக்கு அதனாலும் பெரிய பலன் இருந்திருக்காது. 2023ல் அனுமதி கிடைத்த அவேர் டிஆர் என்பதில் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கருவிகள், ஒவ்வொரு துடிப்பிலும் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும்.

வைத்த புதிதில் சிலருக்குப் படபடப்பு வேறு காரணத்தாலும் வரும். கருவி மாட்டியிருக்கும் இடத்தில் தசை உறுத்தப்பட்டு நடுநடுவே கூடுதல் துடிப்பு விழும், திடுக்கென்று ஒரு அடி, பிறகு ஒரு இடைவெளி. பெரும்பாலும் தானாக அடங்கும், அடங்காவிட்டால் ஹோல்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்ந்து வேகமாக அடித்துக் கண் இருட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ, வைத்த சில நாளில் நெஞ்சு குத்தி பிரஷர் இறங்கினாலோ போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இதயச் சுவரில் துளை விழுந்து சுற்றிலும் ரத்தம் தேங்குவது அபூர்வம்தான், வந்தால் நிமிடக் கணக்கு. 2021ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதைப் பற்றி டாக்டர்களுக்குக் கடிதம் எழுதியது.

இன்னொரு விஷயம், வெளியே தெரியாதது என்பதே சில சமயம் வினையாகிறது. முதல் கருவி மட்டும் இருந்த காலத்தில், காய்ச்சலுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தபோது டியூட்டி டாக்டர் பதறிவிட்டார். கருவி துடிக்க வைத்த ஈசிஜி அகலமாக, மாரடைப்போ என்று நினைக்கும்படி இருக்கும், இந்த வகையில் பேஸ்மேக்கர் முள்ளும், அதாவது கருவி தட்டும்போது ஈசிஜியில் விழும் கூர்மையான கோடும், சின்னதாக இருப்பதால் கண்ணில் படாமல் போகலாம். நான் பேஸ்மேக்கர் இருக்கு என்றதும் அவர் என் தோளைப் பார்த்தார், "எங்கேம்மா?" என்றார். பேஸ்மேக்கர் அடையாளக் கார்டு இல்லாமல் வெளியே போகாதீர்கள், போனில் கார்டின் படமும், நன்றாக இருந்தபோது எடுத்த ஒரு ஈசிஜி படமும் இருக்கட்டும். ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வயர் உள்ளதற்கு மேலே காந்தத்தை வைத்துத் தற்காலிகமாக மாற்றும் வழக்கம் உண்டு, மைக்ராவில் காந்தத்தை உணரும் பாகமே கிடையாது, புரோகிராமரோடு ஆள் வந்துதான் மாற்ற வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது என்று என்னைக் கேட்டால் இவ்வளவுதான். என் மேலறை வேலை செய்கிறதா, இந்தக் கருவிக்கு அது தெரியுமா, ஒரு நாளில் எவ்வளவு நேரம் இது துடிக்க வைக்க வேண்டியிருக்கும், அது அதிகமானால் அடுத்து என்ன செய்வீர்கள், அப்போது இதை எடுப்பீர்களா உள்ளேயே விடுவீர்களா. பதில் சொல்லப் பொறுமை இல்லாத இடத்தில் அவசரம் இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப்போட்டு இன்னொரு ஈபி டாக்டரைப் பாருங்கள். இன்சூரன்ஸ்காரரிடம் எந்த வகைக்கு எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு முதல் கருவிக்குப் பாதிதான் வந்தது. இரண்டாவதுக்கு, "ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, எதற்கு இன்னொன்று" என்று கேள்வி வந்தது. அந்த பிரஷர் நோட்டின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, ஈபி டாக்டரின் கடிதத்தோடு சேர்த்து அனுப்பிய பிறகுதான் பணம் பாஸ் ஆனது.